கறுவா, ஒரிகானோ வாசத் தீன்சேர்க்கை: புரொயிலருக்கு உண்மையிலேயே பிரயோசனமா?

வத்தளை_தீன்மில் எழுதியது:

வணக்கம் எல்லாருக்கும். வத்தளையில சின்னதா ஒரு தீன் மில் நடத்துறேன். மினுவாங்கொடை, திவுலபிட்டிய, ஜா-எல பக்கத்துப் பண்ணைக்காரருக்கு புரொயிலர் தீன் கலந்து குடுக்கிறோம். எல்லாம் மேஷ் (தூள் தீன்) தான், தீனைக் குளிசையா அழுத்துற பெலட் மெஷின் எங்களிட்ட இல்லை.

இப்ப ஒரு கம்பெனி ரெப் அடிக்கடி வாறார். 25 கிலோ பை ஒண்டு சாம்பிளுக்கு வெச்சிட்டுப் போயிருக்கிறார். ஒரிகானோ எண்ணெய், கறுவா எண்ணெய், மிளகாய்ச் சத்து மூணும் சேர்ந்த பவுடராம். தொன்னுக்கு 150 கிராம் போட்டா அன்டிபயோட்டிக் தேவையில்லை, எஃப்சிஆர் (ஒரு கிலோ நிறை கூட எத்தனை கிலோ தீன் போகுது எண்ட கணக்கு) இறங்கும், கொட்டிலில அமோனியா நாற்றமும் குறையும் எண்டு சொல்றார். பையைத் திறந்தா மில் முழுக்க வாசம் அடிக்குது, அதில குறை சொல்ல ஒண்டுமில்லை.

விலைதான் யோசிக்க வைக்குது. இறக்குமதிச் சாமான். கறுவா விளையுற நாட்டில இருந்துகொண்டு வெளியில இருந்து கறுவா எண்ணெய்ப் பவுடர் வாங்க வேணுமா? புறக்கோட்டையில கறுவாத் தூள், கராம்புத் தூள் வாங்கி நாங்களே கலந்தா என்ன? இன்னொண்டு, இதைப் போட்டா கொக்சிடியா எண்ட குடல் ஒட்டுண்ணிக்குத் தீன்ல போடுற சலினோமைசினை நிப்பாட்டலாம் எண்டும் ரெப் சொல்றார். அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.


வெள்ளவத்தை_தீனியல் எழுதியது:

தம்பி, கடைசியாகக் கேட்டதற்கு முதலில் பதில்: சலினோமைசினை நிறுத்தாதீர்கள். காரணத்தை நம் கம்பஹா டொக்டர் விரிவாகச் சொல்லுவா என்று நினைக்கிறேன், நான் மற்றதற்கு வருகிறேன்.

இந்தச் சந்தை எப்படி உண்டானது என்று தெரிந்தால் ரெப்பின் பேச்சில் பாதி விளங்கும். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் குளோர்டெட்ராசைக்கிளின் என்ற அன்டிபயோட்டிக்கைத் தயாரித்து மிஞ்சிய கழிவைக் கோழிக்குஞ்சுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். குஞ்சுகள் வேகமாக வளர்ந்தன. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டாகத் தீனில் கொஞ்சம் அன்டிபயோட்டிக் போடுவது உலக வழக்கமாகிவிட்டது. சுவீடன் 1986இல் அதை நிறுத்தியது. ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் 2006 ஜனவரி 1 முதல் நின்றது. 2015இல் சீனாவில் கொலிஸ்டின் என்ற அன்டிபயோட்டிக்குக்குக் கிருமியை மசியாமல் ஆக்கும் எம்சிஆர்-1 மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. அதன் பின்னர் சீனாவே வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் போடுவதைக் கைவிட்டது, இந்தியா 2019இல் கால்நடைக்குக் கொலிஸ்டினையே தடை செய்தது. இப்படிக் காலியான இடத்தை நிரப்பத்தான் அமிலங்கள், புரோபயோட்டிக், நொதியங்கள் எல்லாவற்றோடும் இந்த வாசனை எண்ணெய்களும் வந்தன.

இவற்றில் வேலை செய்யும் பொருள்கள் உண்டு, அதில் சந்தேகமில்லை. ஒரிகானோவில் கார்வக்ரோல், தைம் செடியிலும் நம் ஓமத்திலும் தைமோல், கறுவாப் பட்டையில் சினமல்டிஹைட், கராம்பில் யூஜினோல். இவை கொழுப்போடு சேரும் தன்மை உள்ளவை. பக்டீரியாவின் மேற்சவ்வுக்குள் நுழைந்து அதைக் குலைத்துவிடும், உள்ளே இருப்பது வெளியே கசியும். குடல் புண்ணுக்குக் காரணமான குளொஸ்ட்ரிடியம் போன்ற கிராம் பொசிட்டிவ் வகைகளுக்கு இந்த அடி கூடுதலாக விழும்.

பிரச்சினை அளவில் இருக்கிறது. ஆய்வுகூடத்தில் குளொஸ்ட்ரிடியத்தைக் கொல்வதற்குப் பெரும்பாலும் மில்லியனுக்கு நூற்றுக்கணக்கான பங்கு வேண்டும். கோழியின் குடலுக்குள் தீனின் கொழுப்பும் புரதமும் அதில் ஒரு பங்கைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மிச்சத்தில் பெரும் பகுதி சிறுகுடலின் மேற்பகுதியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும், கிருமி குடியிருக்கும் கீழ்ப்பகுதிக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான். இதற்காகத்தான் நல்ல கம்பெனிகள் எண்ணெயைக் கொழுப்பாலோ மாவாலோ பொதிந்து விற்கின்றன.

உங்கள் ரெப் சொன்ன 150 கிராம் பவுடரின் கிராம். அதற்குள் எண்ணெய் எவ்வளவு? நூற்றுக்கு 10 என்று வைத்தால் தொன் தீனில் போய்ச் சேருவது 15 கிராம், அதாவது மில்லியனுக்கு 15 பங்கு. ஆய்வுகளில் கலப்பு எண்ணெய்களுக்குப் பொதுவாகக் காண்பது 50 முதல் 200 வரை. 15இல் பலன் வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். சமிபாட்டு நொதியச் சுரப்பு, குடலின் எதிர்ப்புச் சக்தி ஆகிய வழிகளில் குறைந்த அளவிலும் மாற்றம் கண்ட ஆய்வுகள் உண்டு. ஆனால் அந்த அளவு கிருமியைக் கொன்று அன்டிபயோட்டிக்கின் இடத்தைப் பிடிக்கும் என்று சொன்னால் நான் ஏற்கமாட்டேன்.

வாசத்தைப் பற்றியும் ஒரு சொல். மனிதனின் வாயில் ஆயிரக்கணக்கில் சுவையரும்புகள், கோழிக்குச் சில நூறுதான். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்காது, அதை உணரும் ஏற்பி (ரிசெப்டர்) பறவைகளில் காரத்துக்கு அசைவதில்லை என்று 2002இலேயே நிறுவிவிட்டார்கள். ஆகவே மில் முழுக்க அடிக்கும் வாசம் உங்களுக்கும் எனக்கும்தான். பையைத் திறந்தவுடன் அவ்வளவு மணக்கிறது என்றால் எண்ணெய் சரியாகப் பொதியப்படவில்லையோ என்றுதான் நான் முதலில் யோசிப்பேன்.


புறக்கோட்டை_பலசரக்கு எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். வாப்பா காலத்திலிருந்தே எங்களுக்குக் கறுவா, கராம்பு, மிளகு யாவாரம். கோழித்தீன் எனக்குத் தெரியாது, சரக்குத் தெரியும்.

கறுவா எண்ணெய் எண்டு சும்மா சொல்லக்கூடாது. ரெண்டு சாதி இருக்கு. பட்டையில வடிக்கிறது ஒண்டு, இலையில வடிக்கிறது இன்னொண்டு. காலி, மாத்தறைப் பக்கம் கறுவா உரிக்கிற நேரம் வெட்டின கிளையிட இலையை வாட வெச்சு வடிப்பாங்க. அந்த இலை எண்ணெய் மணத்தில கராம்பு மாதிரிதான் இருக்கும், அதில முக்கால் பங்கு யூஜினோல். பட்டை எண்ணெய் இனிச்ச மணம், அதிலதான் ஐயா சொன்ன சினமல்டிஹைட். விலையும் மலைக்கும் மடுவுக்கும். லேபிள்ல 'கறுவா எண்ணெய்' எண்டு மட்டும் போட்டிருந்தா எது எண்டு கேளுங்க.

அடுத்தது, வெளிநாட்டுப் பவுடர்ல இருக்கிறது அநேகமா எங்கட கறுவா இல்லை, கசியா எண்ட வேற சாதிக் கறுவா. சீனா, வியட்நாம் பக்கத்துச் சரக்கு. அதில சினமல்டிஹைட் கூட, ஈரலுக்குக் கூடாத கூமரினும் கூட. எங்கட சிலோன் கறுவாவுக்கு 2022 பெப்ரவரியில ஐரோப்பாவே புவிசார் குறியீடு குடுத்திருக்கு, அந்தப் பெயரைத் தீன் பையில போட்டு வேற சரக்கை வித்தா எங்களுக்கு வயிறு எரியுது.

மில்காரத் தம்பிக்கு என்னிட்ட ஒரு யோசனை. அல்பா, சி5 மாதிரி உயர் தரக் கறுவா எல்லாம் ஏற்றுமதிக்குப் போகும். துண்டும் தூளும் மலிவா வரும். அதை அரைச்சுப் போட்டா சரிவராதா ஐயா?


வெள்ளவத்தை_தீனியல் எழுதியது:

நானா, அருமையான விளக்கம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கறுவாப் பட்டையில் எண்ணெய் ஏறக்குறைய நூற்றுக்கு 1. அந்த எண்ணெயில் சினமல்டிஹைட் 60 என்று வைத்தால், ஒரு கிலோ பட்டையில் 6 கிராம். தொன் தீனுக்கு 100 கிராம் சினமல்டிஹைட் வேண்டுமென்றால் 17 கிலோ பட்டைத் தூள் போக வேண்டும். துண்டு, தூள் சரக்கில் எண்ணெய் இன்னும் குறைவாகவே இருக்கும். 17 கிலோ நார் தீனில் போனால் அந்த இடத்தில் சோளமோ சோயாப் புண்ணாக்கோ குறையும், சக்தியும் இறங்கும். எஃப்சிஆர் ஏறிவிடும்.

ஓமத்தில் எண்ணெய் 2 முதல் 4, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைய தைமோல். 100 கிராம் தைமோலுக்கு 7, 8 கிலோ ஓமம். கராம்பில்தான் எண்ணெய் அதிகம், 15க்கு மேல், அதில் பெரும்பகுதி யூஜினோல். அங்கே ஒரு கிலோவுக்குக் குறைவாகவே போதும், ஆனால் கராம்பின் விலை உங்களுக்குத் தெரியாததல்ல.

தூள் போடுவதில் எனக்கு இன்னொரு பயம் இருக்கிறது. மலிவாக வரும் கழிவுச் சரக்கில், முக்கியமாக மிளகாயில், பூஞ்சணம் பிடித்து அப்லாடொக்சின் என்ற நஞ்சு ஏறியிருக்கக்கூடும். கோழியின் ஈரலைத்தான் அது முதலில் தாக்கும். மஞ்சளில் பளிச்சென்ற நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலந்ததைப் பங்களாதேஷில் கண்டுபிடித்திருக்கிறார்கள். இங்கே 2020இல் மஞ்சள் தட்டுப்பாடு வந்தபோது என்னென்ன கலந்து விற்றார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். மனிதன் வாங்க மறுத்த சரக்கைக் கோழிக்குப் போட்டு, அந்தக் கோழியைப் பிள்ளைக்குக் கொடுக்க முடியாது.


திவுலபிட்டிய_பண்ணை எழுதியது:

எல்லாரும் கணக்குப் பேசுறீங்க. நான் போட்டுப் பார்த்தவன். வேற கம்பெனிச் சாமான், ஆனா இதே வகை. போட்ட பெச்சில 35ஆம் நாள் நிறை நல்லா வந்தது, சாவு குறைவு. முக்கியமா கொட்டில் தரையில பரப்பின உமி காய்ஞ்சு கிடந்தது. முந்தின பெச்சில குடிநீர் லைனுக்குக் கீழ உமி கட்டி கட்டியா இருக்கும், கோழிட உள்ளங்கால்ல கறுப்பா புண் வரும். இந்த முறை ஒரு பிடி உமியை அள்ளி இறுக்கிப் பிடிச்சுக் கையை விரிச்சா பொலபொலவெண்டு உதிர்ந்தது. கொட்டிலுக்குள்ள போனா கண் எரியேல்ல. இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?


வெள்ளவத்தை_தீனியல் எழுதியது:

நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை. உமி காய்ந்திருந்தால் குடல் நன்றாக இருந்திருக்கிறது, அது பெரிய விஷயம். உள்ளங்கால் புண்ணைப் பார்க்கும் பண்ணைக்காரர் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

ஆனால் அது சேர்க்கையால் வந்ததா என்று கேட்டால் அந்த ஒரு பெச்சை வைத்து என்னால் ஆம் சொல்ல முடியாது. முந்தின பெச் எந்த மாதம்? ஏப்ரல் வெக்கையில் கோழி தண்ணீரைக் கூடக் குடிக்கும், எச்சம் தண்ணியாகும், உமி நனையும். குஞ்சு அதே ஹெச்சரியா, தாய்க்கோழி அதே வயதா? கோழி தண்ணீர் குடிக்கும் நிப்பிளின் உயரத்தை இடையில் மாற்றினீர்களா? தீனில் உப்பு, மீன்மா அளவு அதேதானா? இவற்றில் எது மாறினாலும் உமி மாறும். புதுச் சாமான் வாங்கிய பெச்சில் நாமும் கொட்டிலுக்குள் கூடுதலாகப் போய் வருவோம், ஒழுகும் நிப்பிளை உடனே கண்டுபிடிப்போம்.

ஆய்வுகளிலும் இதே சிக்கல் இருக்கிறது. புது உமி, குறைந்த நெருக்கம், சுத்தமான கொட்டில் என்று வைத்துச் செய்த பரிசோதனைகளில் பல இடங்களில் வித்தியாசமே வரவில்லை. பழைய உமியில், நெருக்கமாக வளர்த்து, வேண்டுமென்றே கிருமி கொடுத்துப் பார்த்தவற்றில்தான் பலன் தெளிவாகத் தெரிகிறது. குடலுக்குச் சுமை இருக்கும் இடத்தில்தான் இது தோள் கொடுக்கும். உங்கள் கொட்டில் இதில் எந்தப் பக்கம் என்பது உங்களுக்குத்தான் தெரியும்.


திவுலபிட்டிய_பண்ணை எழுதியது:

வெக்கை காலம் இல்லை ஐயா, ரெண்டும் மழைக்காலம். ஹெச்சரியும் அதேதான். தாய்க்கோழி வயது கேக்கேல்ல, அதை ஒத்துக்கொள்றன். ஆனாலும் நான் திரும்பவும் போடுவன். வைத்தியருக்கும் மருந்துக்கும் குடுக்கிற காசை விட இது குறைவு.


கம்பஹா_மிருகவைத்தியர் எழுதியது:

சலினோமைசின் விஷயத்துக்கு வாறன். இதை வாசிக்கிற ஒவ்வொரு மில்காரரும் மனசில பதிச்சுக்கொள்ள வேணும்.

சலினோமைசின், மொனென்சின், நராசின் எல்லாம் அயனோஃபோர் வகை. கொக்சிடியாவை அடக்கத்தான் போடுறோம், கூடவே குளொஸ்ட்ரிடியத்தையும் கொஞ்சம் அடக்கி வைக்கும். கொக்சிடியா குடல் சுவரைக் கிழிச்சா அந்தக் காயத்தில கசியுற புரதம்தான் குளொஸ்ட்ரிடியத்துக்கு விருந்து. ஆகவே இதை ஒரேயடியா எடுத்தா ரெண்டு வருத்தத்துக்கும் ஒண்டா கதவைத் திறந்து விடுறீங்க. சோளம் கிடைக்காம கோதுமை கூடச் சேர்க்கிற நேரம், மீன்மா கூடப் போடுற நேரம் எண்டால் ஆபத்து இன்னும் கூட.

எனக்கு வெட்டிப் பார்க்கக் கொண்டு வாற கோழிகள்ல இது அப்பட்டமாத் தெரியும். சிறுகுடல் காற்றடைச்சு ஊதி இருக்கும், சுவர் தொட்டாலே கிழியும். திறந்தா உள்பக்கம் மண்ணிறமும் பச்சையுமா ஒரு படலம் ஒட்டியிருக்கும், நகத்தால சுரண்டினா உரியும். அந்த நாற்றம் கையுறையைக் கழட்டின பிறகும் போகாது. முதல் நாள் வரை நல்லாத் தின்ற கோழி அது. ஒரிகானோ எண்ணெய் இந்த நிலைமையைத் தூக்கி நிறுத்தாது.

கொக்சிடியாவுக்கு ஒரிகானோ ஓரளவு உதவுது எண்டு சொல்ற ஆய்வுகள் இருக்கு. உதவுது எண்டதும் மருந்துக்குப் பதிலா நிக்குது எண்டதும் வேற வேற. அயனோஃபோரை விட வேணும் எண்டால் கொக்சிடியா தடுப்பூசியோட, உமி பராமரிப்போட, வைத்தியரிட மேற்பார்வையில போங்க.

அயனோஃபோர் போட்ட தீன் சாப்பிடுற கோழிக்குத் தியாமுலின் எண்ட அன்டிபயோட்டிக்கைக் குடுக்கவே கூடாது, செத்துப்போகும். சலினோமைசின் தீன் குதிரைக்கும் வான்கோழிக்கும் நஞ்சு. மில்லில வான்கோழித் தீனும் கலக்கிறீங்க எண்டால் மிக்ஸரைக் கழுவாமத் தொடாதீங்க.


கொட்டாஞ்சேனை_அம்மா எழுதியது:

நான் பண்ணை வைச்சிருக்கிறவள் இல்லை, கோழி வாங்கிச் சமைக்கிறவள். பிள்ளைகளுக்காகத்தான் இந்தப் பக்கத்தை வாசிக்கிறேன். இப்ப சூப்பர் மார்க்கெட்டில 'மூலிகைத் தீன் கோழி', 'அன்டிபயோட்டிக் இல்லாத கோழி' எண்டெல்லாம் விலை கூட்டி விக்கிறாங்க. அது உண்மையிலேயே பாதுகாப்பா?


கம்பஹா_மிருகவைத்தியர் எழுதியது:

அக்கா, ரெண்டும் ஒண்டில்லை. மூலிகைத் தீன் எண்டால் தீன்ல ஏதோ ஒரு செடிச் சத்துப் போட்டிருக்கு, அவ்வளவுதான். அதே கோழிக்கு வருத்தம் வந்து தண்ணியில அன்டிபயோட்டிக் குடுத்திருக்கவும் கூடும். அப்படிக் குடுத்தாலும், மருந்தை நிப்பாட்டி லேபிள்ல சொன்ன நாள் கழிச்சு வெட்டினா இறைச்சியில மிச்சம் இருக்கிறது அனுமதிச்ச அளவுக்குள்ளதான். வருத்தக் கோழிக்கு மருந்து குடுக்காம விடுறதும் பாவம்.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை, வருத்தமே இல்லாத கோழிக்கு வளர்ச்சிக்காகத் தினமும் கொஞ்சம் கொஞ்சமாப் போடுறது. கிருமி மருந்துக்குப் பழகி, அந்தப் பழக்கம் மனுசருக்கு வாற கிருமிக்கும் போகுது. மனுசருக்கு முக்கியமான மருந்துகளை வளர்ச்சிக்காகப் பாவிக்கிறதை முழுசா நிப்பாட்டச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2017இலேயே வழிகாட்டல் வெளியிட்டது. அதை நிப்பாட்ட இந்த வாச எண்ணெய் ஒரு பண்ணைக்காரருக்குத் துணிவைக் குடுக்குது எண்டால் அந்த அளவில நான் அதை மனசார வரவேற்கிறன்.

வீட்டில செய்ய வேண்டியது பழைய விஷயம்தான் அக்கா. கோழி வெட்டின பலகையில சலாட்டுக்கு வெட்ட வேண்டாம், பைப்புக்குக் கீழ வெச்சுக் கழுவித் தெறிக்க விட வேண்டாம், எலும்புக்குப் பக்கத்திலயும் வேகட்டும்.


ராகம_இளம்பண்ணை எழுதியது:

தண்ணியில கலக்கிற திரவ வகையும் இருக்கே, அது சுகமில்லையா? தீன் கம்பெனியில இருந்து பெலட்டா வாறதால எனக்குத் தீன்ல கலக்க வழியில்லை.


திவுலபிட்டிய_பண்ணை எழுதியது:

தம்பி கவனம். எண்ணெய் தண்ணியில கரையாது, கரைய வைக்கிற பொருள் சேர்த்ததா எண்டு பாருங்க. எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் மலிவான திரவம் வாங்கிப் போட்டார். டாங்கிக்கு மேல படை மிதந்தது, நிப்பிளுக்குள்ள பிசின் மாதிரி பிடிச்சுப் பாதிக் கோழிக்குத் தண்ணி இல்லை. வெக்கை நாள்ல நடந்திருந்தா கொட்டிலே காலி. போட்டா லைனைக் கழுவி விடுங்க, தடுப்பூசி தண்ணியில குடுக்கிற நாள்ல போடவே வேண்டாம்.


வத்தளை_தீன்மில் எழுதியது:

எல்லாருக்கும் பெரிய நன்றி. ரெப்பிட்ட நேர கேட்டேன்: கறுவா எண்ணெய் பட்டையா இலையா, கார்வக்ரோல் எத்தனை வீதம், பொதிஞ்சதா இல்லையா? பட்டியல் அனுப்புறேன் எண்டார், வந்தது வர்ணப் படம் போட்ட புரோஷர். வீதம் ஒண்டும் அதில இல்லை. வேற ஒரு இறக்குமதியாளர் மட்டும் பெச் இலக்கத்தோட பகுப்பாய்வுத் தாள் தந்தார்: கார்வக்ரோல், சினமல்டிஹைட் ரெண்டுக்கும் தனித்தனி வீதம், பொதிஞ்ச சரக்கு. அவர் தொன்னுக்கு 400 கிராம் போடச் சொல்றார். இனி காசுக் கணக்கு எப்படிப் பாக்கிறது?


வெள்ளவத்தை_தீனியல் எழுதியது:

வீதம் சொல்ல முடியாதவரின் பையைத் திருப்பி அனுப்புங்கள். 1986ஆம் ஆண்டு 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டத்தின் கீழ் பதிவுள்ள இறக்குமதியாளர்தானா என்பதையும் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரோப்பாவில் இந்தச் சரக்குகளில் பெரும்பாலானவை 'சுவையூட்டி' என்ற வகுப்பில்தான் பதிவாகியிருக்கின்றன. அன்டிபயோட்டிக்குக்குப் பதில் என்று அங்கே லேபிளில் போட முடியாத சாமானை இங்கே வந்து வாயால் அப்படிச் சொல்லி விற்கிறார்கள்.

காசுக் கணக்கு இப்படி. 1000 கோழி, 2 கிலோ நிறை, எஃப்சிஆர் 1.70 என்றால் தின்பது 3.4 தொன். சேர்க்கையால் 1.67 ஆகிறது என்று வையுங்கள். மிச்சப்படுவது 60 கிலோ தீன், ஒரு மூடையும் கொஞ்சமும். தொன்னுக்கு 400 கிராம் வீதம் 3.4 தொன்னுக்குப் போகும் சேர்க்கை 1.36 கிலோ. ஆகவே ஒரு கிலோ சேர்க்கையின் விலை 44 கிலோ தீனின் விலைக்குக் கீழே இருந்தால்தான் கட்டும். எஃப்சிஆர் 0.01தான் இறங்குகிறது என்றால் 15 கிலோ தீனின் விலைக்குக் கீழே இருக்க வேண்டும். சாவு குறைந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் சேர்க்கைக்குக் காசு கொடுப்பது நீங்கள், தீனை மிச்சம் பிடிப்பது பண்ணைக்காரர். மூடை விலையைக் கூட்ட அவர் சம்மதிப்பாரா என்று முதலில் பேசுங்கள்.

சோதிக்க வேண்டுமென்றால் ஒரே கொட்டிலை, ஒரே நாள் குஞ்சை, கம்பி வலையால் அறைகளாகப் பிரியுங்கள். ஒன்றுவிட்டு ஒரு அறைக்குச் சேர்க்கைத் தீன். மூடைக்குச் சிவப்பு, நீல நூல் கட்டுங்கள், எது எது என்று தீன் போடுகிறவருக்குத் தெரியக் கூடாது. செத்த கோழியையும் அன்றன்றே நிறுத்து எழுத வேண்டும், அது தின்றதும் கணக்கில் வர வேண்டும். அறைக்கு அறை நூற்றுக்கு 2, 3 சும்மாவே வேறுபடும், நாம் தேடும் 0.03 என்பது நூற்றுக்கு 2க்கும் குறைவு. நாலைந்து அறையில் அது தெரியாது. அதனால் எஃப்சிஆரை விட உமி ஈரம், உள்ளங்கால் புண், சாவு இந்த மூன்றையும் கவனியுங்கள். எஃப்சிஆருக்கு, கட்டுப்பாட்டுக் குழு வைத்துச் செய்த பரிசோதனை அறிக்கையை இறக்குமதியாளரிடமே கேளுங்கள். பெலட் தீனா மேஷா, எந்த உமி, எத்தனை அறை என்று அதில் இருக்க வேண்டும்.


வத்தளை_தீன்மில் எழுதியது:

44 கிலோ தீன் விலைக்குக் கொஞ்சம் கீழதான் வருது, ஆனா மயிரிழைதான் இடைவெளி. 0.01 கணக்கில நட்டம். திவுலபிட்டிய அண்ணா, உங்கட கொட்டில்ல வலை கட்டிப் பார்க்க விடுவீங்களா? சேர்க்கைக்கான செலவு என்னுடையது.


திவுலபிட்டிய_பண்ணை எழுதியது:

தாராளமா வாங்க. அடுத்த குஞ்சு இறக்க முதல் வலை, கட்டை எல்லாம் நான் தயார்படுத்தி வைக்கிறன். நூல் கட்டுறது டொக்டர் செய்யட்டும், எனக்கே தெரிய வேண்டாம்.


கம்பஹா_மிருகவைத்தியர் எழுதியது:

நான் வாறன். சலினோமைசின் ரெண்டு பக்கத் தீன்லயும் ஒரே அளவு இருக்க வேணும், அதை மட்டும் மில்லில நேர நிண்டு பார்த்துக்கொள்ளுங்க. 400 கிராமை நேர மிக்ஸருக்குள்ள கொட்டாம முதல்ல 10 கிலோ சோளமாவில கலந்து பிறகு போடுங்க. திறந்த பையை அலுமினியப் பைக்குள்ள காற்றுப் போகாமக் கட்டி, மில்லில வெயில் படாத இடத்தில வையுங்க. 28ஆம் நாள் நான் வந்து ஒவ்வொரு அறையிலயும் கோழியைப் பிடிச்சு உள்ளங்காலைப் பார்த்து எழுதுறன்.